செத்தவன் எழக்கூடாது

செத்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மூக்கின்மேல் ஈ வந்து உட்கார்ந்துவிட்டது. ஊதக்கூடாது, உதட்டைக் கோணக்கூடாது, இன்னும் ஒன்பது நிமிஷத்துக்கு நான் பிணம். நாடக வாத்தியார் பக்கிரிசாமி ஒத்திகையில் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார், அருளப்பா, நீ விழுந்ததிலிருந்து திரை விழுகிறவரை பதினொரு நிமிஷம், மூச்சை வயிற்றால் விடு, மார்பு ஏறி இறங்கினால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும் என்று. முன்வரிசையில் மானேஜர் குடும்பம், அதற்குப் பின்னால் மூன்று ஷிப்டு ஆட்களும் பெண்டு பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி வெயில் மன்றத்தின் தகரக் கூரைமேல் காய்கிறது, ஒட்டு மீசையின் பசை உருகி உதட்டில் கசக்கிறது. எங்கள் மில் ஆண்டு விழாவில் மில் தொடங்கின காலத்திலிருந்து இதே நாடகம்தான், 'முடி காத்த மைந்தன்'. ஊதாரியாகத் திரிந்து, நீ என் பிள்ளையே இல்லை என்று அப்பன் வாயாலேயே சொல்லக் கேட்ட இளவரசன், கடைசிப் போரில் ஓடிவந்து, ராஜாவின் தலைக்கு மேல் ஓங்கிய வாளைத் தன் வாளால் தடுக்கிறான். அந்த ஒரு அடியில் இத்தனை வருஷத்துப் பழியும் போய்விடுகிறது, அப்பன் மகனைக் கட்டிக்கொள்கிறான், ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் கூரை அதிரக் கைதட்டு. எனக்கு அந்த இடம் பிடிக்காது. ஒரு அடியில் எப்படிப் போகும்? நாலு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், போகவில்லை. நான் மெய்க்காப்பாளன் வேஷம். ராஜாவின் அங்கியை நான் மாட்டிக்கொண்டு, நான்தான் ராஜா என்று எதிரியிடம் சொல்லி, அவருக்குப் பதிலாக வெட்டுப்பட்டுச் சாகிற வீரன். ஆளைப் பார்த்துத்தான் வேஷம் கொடுத்தார்கள்.

தலையை வலது பக்கம் சாய்த்து அரைக்கண்ணில் செத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிவது வலது பக்கத்துத் தட்டி மறைவு மட்டும். அங்கே ஆள் இல்லை. வாத்தியார் நாடக நோட்டோடு இடது பக்கம் நிற்கிறார். சீன் இழுக்கிற நாகூரானும் அந்தப் பக்கம்தான், போர் முழக்கத்துக்காக ஒரு பெரிய தகரத்தை உதறிக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் முக்காலிமேல் மணல் நிரப்பின சிவப்பு நெருப்பு வாளி இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு தூண், தூணில் கொக்கி, கொக்கியில் அரண்மனை சீனின் கயிறு, கயிற்று நுனியில் என் மஞ்சள் பை. அந்தப் பை நான் மாட்டின இடத்தில் இல்லை. வாளி விளிம்புக்கு ஒரு சாண் மேலே மாட்டினேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவசரத்தில் இரண்டு தடவை தவறி மூன்றாம் தடவைதான் மாட்டினேன். இப்போது பையின் அடிப்பாகம் விளிம்புக்குச் சமமாக இருக்கிறது. பை எப்படி இறங்கும்? கயிறு நீண்டால் இறங்கும். கயிறு எப்படி நீளும்? அதை நினைக்கவேண்டாம். நினைத்துவிட்டேன். நாகூரான் அந்தக் கயிற்றை முடிச்சாகப் போடமாட்டான், சும்மா ஒரு சுருக்கு, நுனியை இழுத்தால் உருவிக்கொள்ளும். போர் முடிந்ததும் ஒரே வீச்சில் அரண்மனை இறங்கவேண்டும், முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தால் ஜனம் விசிலடிக்கும். அவன் ஒரு கையால் நுனியை உருவி, மறு கையால் கயிற்றைப் பிடித்து மெல்ல விடுவான். பிடிக்கக் கை இல்லாமல் உருவிக்கொண்டால் மெல்ல வராது. மேலே சீன் துணி சுருட்டியிருப்பது பதினெட்டு அடிச் சவுக்குக் கட்டையில், இரண்டு ஆள் தூக்குகிற கட்டை. அதன் வலது முனைக்கு நேர் கீழே மேடையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. அந்த வட்டத்தில்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் ராஜா வந்து முழங்காலிடுவார். ராஜா வேஷத்தில் சிங்காரவேலு.

கயிற்றைத் தொடாதீங்கண்ணே என்று நாகூரான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். என்னிடமும் சொன்னான், நானும் சரி என்றேன். ஆணிகளிலெல்லாம் சட்டைகளும் கிரீடங்களும் தொங்கின, வாத்தியார் போ போ என்று தள்ளினார், கண்ணெதிரே கயிற்று நுனியில் ஒரு கண்ணி தொங்கியது, மாட்டிவிட்டேன். பைக்குள் எலுமிச்சஞ்சாத அடுக்கு ஒன்று. அது மட்டும் என்றால் ஒன்றும் ஆகாது. சிங்காரவேலுவின் பூட்ஸும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, அடியில் மூன்று விரல் கனத்துக்கு ரப்பர், அவனுடைய இடது காலுக்காகவே செய்தது. ராஜா பூட்ஸ் போடக்கூடாது என்று வாத்தியார் ஜரிகைச் செருப்பைக் கொடுத்ததும், இவன் உட்கார்ந்து பட்டைகளைக் கழற்றி, யாரிடமும் கொடுக்காமல் என்னிடம் நீட்டி, பத்திரமா வைடா என்றான். இத்தனை பேர் இருக்க என்னிடம். நான் எங்கே பத்திரமாக வைத்தேன், அவன் தலைக்கு மேலே தொங்குகிற கட்டையின் கயிற்றில் வைத்தேன். இல்லை, பை இறங்கியிருக்காது. நான் விழுந்து கிடப்பதால் பார்வைக்கு அப்படித் தெரிகிறது. நின்று பார்த்தால் ஒரு சாண் உயரம், படுத்துப் பார்த்தால் சமம், அவ்வளவுதான். ஆனால் படுத்த புதிதில் பார்த்தபோதும் பைக்கும் விளிம்புக்கும் நடுவே சுவர் தெரிந்ததே. தெரிந்ததா? எனக்கு எதைப் பார்த்தாலும் விழுவதாகவும் எரிவதாகவும்தான் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயம், மில்லில் என் பெயரே மணியடி.

அந்தக் கதையை இன்னும் கேன்டீனில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு மார்கழிக் காலை, ஸ்பின்னிங் கூடத்தின் மேல் குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, பஞ்சு ஆலையில் புகை என்றால் என்ன அர்த்தம், ஓடிப்போய் மணியைப் பிடித்து அடித்தேன். அறுநூறு பேர் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள், ஒரு பெண் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், தீயணைப்பு வண்டிகூட வந்துவிட்டது. அது புகை இல்லை, நூல் அறுபடாமலிருக்க விடுகிற ஈரக் காற்று, அன்றைக்குக் குளிரில் பனியாகத் தெரிந்திருக்கிறது. அறுநூறு பேரும் முற்றத்தில் நின்று சிரித்த சிரிப்பு. ஸ்பின்னிங் மாஸ்டர் எல்லாருக்கும் நடுவில் என் தோளில் கைவைத்துச் சொன்னார், இனிமேல் எதைப் பார்த்தாலும் பத்து எண்ணிவிட்டு வாயைத் திற அருளப்பா, பத்து எண்ணுவதற்குள் பாதிப் பயம் போய்விடும். நல்லவர், கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அப்படியே செய்தேன். செருப்பின் அடியில் பாம்பு என்று தோன்றினால் பத்து, ராத்திரி பிள்ளை இருமினால் பத்து, நிஜமாகவே பாதிப் பயம் போனது, என் மனைவிகூட இப்போதான் நீங்க மனுஷனா இருக்கீங்க என்றாள். அதற்கு அடுத்த மாதம்தான் குடோன். பஞ்சு பேல்கள், இறுக்கிக் கட்டின மூட்டைகள், ஆறு அடுக்கு, ஒவ்வொன்றும் மூன்று ஆள் கனம். சிங்காரவேலு கீழே குனிந்து பேல் நம்பரைப் படிக்கிறான், நான் பத்தடி தள்ளி நின்று எழுதிக்கொள்கிறேன். மேல் அடுக்கு சாய்கிற மாதிரி இருந்தது. மாதிரிதான். தூணுக்கும் பேலுக்கும் நடுவில் இரண்டு விரல் இருந்த இடைவெளி மூன்று விரலானது போல இருந்தது. ஒன்று என்றேன் மனதுக்குள். இரண்டு. சிங்காரவேலு ஏதோ நம்பர் சொன்னான், எழுதினேன்கூட. ஏழு என்றபோது விழுந்தது.

கால்தான் போனது, உயிர் தப்பியது என்றார்கள். விசாரணையில், பேல் விழுந்தபோது நான் திரும்பி நின்றிருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி கோமதி கேட்டாள், நீங்க பக்கத்துலதானே நின்னீங்கண்ணே, உங்க கண்ணுல படலையா. குற்றமாகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. இல்லம்மா என்றேன். இன்றைக்கு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பச்சைச் சேலை. சிங்காரவேலு ஒரு நாளும் கேட்டதில்லை. டைம் ஆபீஸில் உட்காருகிறான், முன்னைப்போலவே கிண்டல் பேசுகிறான், ஒன்று மட்டும் மாறிவிட்டது, யார் கையையும் பிடிக்கமாட்டான். பஸ் படியில், சாக்கடை தாண்டுகிற இடத்தில், யாராவது கை நீட்டினால் போதும், முகம் சுண்டிவிடும். விழுந்தாலும் தானே விழுந்து தானே எழுந்திருப்பான். நானும் ஒரு தடவை நீட்டியிருக்கிறேன். வேண்டாம்டா என்றான், அவ்வளவுதான், ஆனால் அந்த டா எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது பார், பை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. சிவப்புக்கு முன்னால் மஞ்சள் தெரிகிறது, இதில் சந்தேகம் இல்லை. மாதாவே, சந்தேகம் இல்லைதானே? தகரம் அதிரும்போதெல்லாம் தூண் அதிர்கிறது, தூண் அதிரும்போது பை ஒரு நூல் இறங்குகிறது. நாகூரான், தகரத்தை நிறுத்து. அவன் வாத்தியார் மெச்சவேண்டும் என்று இன்னும் பலமாக உதறுகிறான்.

சிங்காரவேலு வந்துவிட்டான். நொண்டிக்கொண்டே வருகிறான், வாத்தியார் அதையும் போரில் பட்ட காயமாக வசனத்தில் சேர்த்துவிட்டார். வட்டத்துக்குள் முழங்காலிட்டான், வாளை ஊன்றினான், இனி அவனுக்கு மூன்று நிமிஷ வசனம், அதன் பிறகு எதிரித் தளபதி வாளை ஓங்குவான், பிறகுதான் இளவரசன் வேஷத்துக் கிளார்க் தனசிங் ஓடி வருவான். வசனம் முழுக்க என்னைப் பார்த்துத்தான். "என் அங்கியை அணிந்து என் சாவையும் சேர்த்து அணிந்துகொண்ட வீரனே" என்று தொடங்குகிறான், குரல் கணீரென்று இருக்கிறது. "பெற்ற மகன் ஓடினான், நீ நின்றாய்." நான் நின்றேன். ஆமாம், நின்றேன். ஒத்திகை நாட்களில் இந்த வரி வரும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், வாத்தியார் பிணம் ஏன் கண்ணை மூடுகிறது என்று திட்டுவார். உதட்டை அசைக்காமல் சிங்காரம் என்று கூப்பிட்டேன். தகரச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக, சிங்காரம், மேலே. அவன் கண் என்மேல் வந்தது, பிணம் பேசுகிறதே என்ற கோபத்தோடு வந்தது, அதே கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தான். நல்ல நடிகன். இடது பக்கத்திலிருந்து வாத்தியாரின் சீறல் கேட்டது. வாத்தியார் எதையும் மன்னிப்பார், பிணம் அசைந்தால் மட்டும் மன்னிக்கமாட்டார். எங்கள் மன்றத்தில் ஒரு முறை உண்டு. மேடையில் செத்தவன் திரை விழுந்த பிறகுதான் எழவேண்டும், எழுந்ததும் மூன்று தடவை உரக்கச் சிரிக்கவேண்டும், சாவை ஏமாற்றிவிட்டோம் என்று அதற்குத் தெரியவேண்டுமாம். திரை விழுமுன் எழுந்துவிட்டால் சாவு வெறுங்கையோடு போகாது, மேடையில் நிற்கிறவர்களில் ஒருவரைக் கேட்கும். வாத்தியாரின் வாலிபத்தில் வேறொரு குழுவில் பிணமாகக் கிடந்தவன் தும்மி எழுந்து உட்கார, ராஜபார்ட்டு அந்த வாரமே போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கொஞ்சம் உண்டு. எழுந்தால் சிங்காரவேலு சாவான், எழாவிட்டால் சிங்காரவேலு சாவான், நடுவில் நான் கிடந்து வயிற்றால் மூச்சு விடுகிறேன்.

பை தரைக்கு ஒரு முழம் இருக்கிறது. புதிதாக ஒரு யோசனை வருகிறது, ஆறுதலான யோசனை, அதனாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது. பை தரையைத் தொட்டுவிட்டால் கனம் போய்விடும், கனம் போய்விட்டால் சுருக்கு அப்படியே நின்றுவிடும், ஒன்றுமே நடக்காது. பை முதலில் தரையைத் தொடுமா, சுருக்கு முதலில் உருவிக்கொள்ளுமா? நாகூரான் நுனியை எவ்வளவு நீளம் விட்டிருக்கிறான்? தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாமல் எப்படி எழுவது? ஒன்றும் நடக்காமல் போய்விட்டால்? மானேஜர் முன்னால், அறுநூறு பேர் முன்னால், போர்க்களத்தில் பிணம் எழுந்து நிற்கும், மணியடி மறுபடி மணியடித்தான் என்பார்கள், என் பேரன் காலத்திலும் சொல்வார்கள். என் மகன் எட்டாவது படிக்கிறான், பின்வரிசையில் சிநேகிதர்களோடு இருக்கிறான். கையும் காலும் கல்லாகிவிட்டன. இது நடிப்பில்லை, நிஜமாகவே அசையவில்லை. குடோனிலும் இப்படித்தான் இருந்தது, வாய் இருந்தது, குரல் இருந்தது, அவன் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்று. ஐயோ, எண்ணுகிறேன். எண்ணாதே. இரண்டு. "வானமே இடிந்து விழட்டும், இந்த இடம் விட்டு நகரமாட்டேன்" என்கிறான் சிங்காரவேலு, வசனம் அப்படித்தான், ஜனம் கைதட்டுகிறது. மூன்று. தளபதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டான். மேலே கட்டை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்த மாதிரி இருந்தது, மாதிரிதான். நாலு. பச்சைச் சேலை. அஞ்சு. பத்து எண்ணினால் பாதிப் பயம் போகும் என்றாரே மாஸ்டர், போனது பயம் இல்லை, வேறு ஒருவன் கால். ஆறு.

எழுந்துவிட்டேன். எப்படி என்று தெரியாது. தலைப்பாகை கழன்று கண்ணில் விழுந்தது, நெஞ்சில் சொருகியிருந்த அட்டைக் கத்தி ஆடியது. பிறகு எங்கோ ஒரு பிள்ளை செத்தவன் எந்திரிச்சிட்டான் என்று கத்தியது, அவ்வளவுதான், அறுநூறு பேரும் சிரித்தார்கள், அந்தப் பழைய முற்றத்துச் சிரிப்பேதான். நான் சிங்காரவேலுவின் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தேன். அவன் திமிறினான், கிரீடம் உருண்டது, ஜரிகைச் செருப்பு வட்டத்திலேயே கிடந்தது, இரண்டு பேரும் மேடையின் பின்பக்கம் மல்லாந்து விழுந்தோம்.

"கிறுக்குப் பயலே, என்னடா பண்றே" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

மேலே காட்டினேன். அவன் பார்த்தான். கட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தூணைக் காட்டினேன். மஞ்சள் பை தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சுருக்கில் ஒரு விரல் அளவு மிச்சம், அதோடு நின்றுவிட்டது. பைக்குள்ளிருந்து பூட்ஸின் இரும்புப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவனும் பார்த்தான். ஒன்றுமே நடக்கவில்லை. ஜனம் இன்னும் சிரித்தது, வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார், தனசிங் வாளோடு ஓடிவந்து காலி வட்டத்தைப் பார்த்து விழித்தான். எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்ற பயம்.

"அன்னைக்கு பேல் சாயறதப் பாத்தேன் சிங்காரம்" என்றேன். "திரும்பி நிக்கல. பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

அவன் முகத்தில் அரிதாரம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. தகரச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஏழு எண்ணுற வரைக்கும்."

அவன் மறுபடி கட்டையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "இன்னைக்கு?"

எண்ணவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆறு" என்றேன்.

எதிரித் தளபதி ஓங்கிய வாளை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இறக்கிக்கொண்டான். முன்வரிசையில் சிரிப்பு அடங்கத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணு கம்மி" என்றான் சிங்காரவேலு. பிறகு, அறுநூறு பேர் பார்க்க, கோமதி பார்க்க, வலது கையை என் பக்கம் நீட்டினான்.

"கை குடு."

கொடுத்தேன். அவன் முழுக் கனத்தையும் என்மேல் போட்டு, கோணல் பாதத்தை மேடையில் ஊன்றி எழுந்து நின்றான். கட்டை இன்னும் மேலே லேசாக ஆடிக்கொண்டிருந்தது, எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.